தலையாட்டினால் அப்பாவுக்குத் தெரியாது

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காக நான் வேலை பார்க்கும் கடையைப் பூட்டியிருந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து சோறாக்கி, பருப்பைத் தாளித்து இறக்கிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரிக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். அலுமாரியின் உச்சியில் என் போன் கிடந்தது. படம் இல்லாத வெறும் போன் கோல். கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது.

“மகள், சாப்பிட்டீங்களா?”

கவிஷா அண்ணாந்து பார்த்து ஆமென்று தலையாட்டினாள். அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது.

“மகள்? சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்.”

இன்னும் பலமாகத் தலையாட்டினாள். இரட்டைப் பின்னல் இரண்டு கன்னத்திலும் அடித்தது.

வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் குறுக்கே பாய்வேன். “தலையாட்டுறாங்க, சாப்பிட்டாங்களாம், பருப்பும் சோறும்” என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அன்று பாயவில்லை. துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டிருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

“என்ன, சத்தத்தையே காணோம்? மகள் அங்க இல்லையா?”

அவள் என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று கேட்கும் பார்வை. நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

“சரி, அப்ப அப்பா வச்சிடவா?”

மகளை அப்படியே அங்கே நிறுத்தி வைத்துவிட்டு, நாங்கள் அந்த அலுமாரிக்கு முன்னால் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கீழே தாவிப் படித்துக்கொள்ளலாம். நானும் வாரப் பத்திரிகையை அப்படித்தான் படிப்பேன்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் போன் கொடுக்காதே என்று எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இல்லை, அம்மா. சாராயக் கடைக்காரன் குடிக்காமல் இருந்தால் அவனை மெச்சத்தானே செய்வீர்கள்?

கண்டிப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது நான் வேலை செய்யும் கொம்யூனிகேஷன் கடை. ஃபோட்டோ கொப்பி அடிப்போம், போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடுவோம், போனுக்குக் கண்ணாடி ஒட்டுவோம். பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பாடங்களைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வருவார்கள், அச்சடித்துக் கொடுப்போம். ஊரில் பாதிப் பிள்ளைகளின் படிப்பு என் கை வழியாகத்தான் போகிறது.

முதலாளி பௌசியா தாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கமான மனுஷி. நர்சரி விட்டதும் கவிஷாவைக் கடைக்குக் கூட்டிவர அவர்தான் இடம் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார ஒரு சின்னக் கதிரை, கையில் ஒரு பழைய போன். பிள்ளை இருக்கும் இடமே தெரியாது. ஆள் வருவதும் போவதுமாக இருந்த கடையில் அது எவ்வளவு பெரிய வசதி என்பது கைப்பிள்ளையோடு வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

மூன்று வயதிலேயே அவள் இங்கிலீஷ் பேசினாள். வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி மூக்கால் “பேர்ப்பிள்” என்பாள், “ட்ரையாங்கிள்” என்பாள். எண்களைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லுவாள். கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். கத்தாரில் அவள் அப்பா அந்த வீடியோவைத் தன் அறையில் இருந்த மலையாளிக்கும் நேபாளிக்கும் காட்டாத நாள் இல்லை.

ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் விடுவாள். பசித்தால் சட்டியைத் தட்டுவாள். வயிறு வலித்தால் அழுவாள். எங்கே வலிக்கிறது என்று நான்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல். “ப்பா.”

அதுவும் அப்பாவுக்கு இல்லை, போனுக்கு. அவள் தவழும் வயதில் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். அதன் பிறகு அப்பா என்றால் சீனி டின்னில் சாய்த்து வைத்த போன்தான் என்று நாங்களே பழக்கியிருந்தோம். “அப்பா வந்துட்டாரு பாருங்க” என்று சொல்லிச் சொல்லி எத்தனை தரம் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன்!

ஒருநாள் கடைக்கு மீசை வைத்த ஒருவர் ரீலோட் போட வந்து, தன் போனைப் பெட்டிமேல் வைத்தார். கவிஷா எட்டி எடுத்து, “ப்பா” என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த மனுஷனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொப்பி மெஷினுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினேன்.

“பயப்புட வாணாம் வசந்தி,” என்றார் பௌசியா தாத்தா. “எங்கட மூத்தவனும் ஆகச் சொணங்கித்தான் பேசினான். இப்ப அவன்ட வாய மூட ஏலாம ஈக்கிது. எதுக்கும் ஒருக்கா காட்டிட்டு வாங்களே.”

“போன் பதில் கேக்காதுதானே”

கண்டியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட இளையவர். கவிஷாவோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடினார். கதிரை என்ன நிறம் என்று கேட்டால் “யெல்லோ” என்று பதில் வந்தது. பெயர் என்ன என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தாள்.

“காது நல்லாக் கேக்குது,” என்றார் மிஸ். “சொல்லுறதும் வடிவா விளங்குது. ஆனா ஆரோடையும் கதைக்க வேண்டிய தேவை பிள்ளைக்கு இன்னும் வரேல்லை. கேக்க முதலே எல்லாம் கையில வருது. போன் பதில் கேக்காதுதானே.”

“அப்ப என்ன செய்றது மிஸ்?”

“கொஞ்சக் காலத்துக்குத் திரை ஒண்டும் வேண்டாம். போன், டீவி எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.”

“அவங்கப்பா வெளிநாட்டுல. வீடியோ கோல்லதான் பாக்குறாரு. அதுவுமா?”

“கோல் வந்தா என்ன செய்யிறவ?”

உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையாட்டுவாள். பிறகு விரலால் அப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கார்ட்டூனைப் போட்டுக்கொள்வாள்.

மிஸ்ஸுக்கும் சொல்ல மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “அப்ப அதையும் இப்போதைக்கு விட்டுப் பாருங்கோ அக்கா. பள்ளிக்கூடம் வரப்போகுது. அதுக்கு முதல் தனக்கு என்ன வேணும் எண்டு பிள்ளை வாயால சொல்லப் பழக வேணும்.”

திரும்பி வந்த பஸ்ஸை என்னால் மறக்க முடியாது. என் பையைத் துழாவிப் போன் இல்லையென்று தெரிந்ததும் கவிஷா போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். முன் சீற்றில் இருந்த சிங்கள அம்மா, “போன் எக தென்ன, பவ்னே” என்றார். பாவம், போனைக் கொடு என்கிறார். நான் அசையவில்லை. அவரே தன் போனை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு பையன் தன்னுடையதை நீட்டினான். ஒரு பஸ்ஸே சேர்ந்து என் பிள்ளைக்குப் போன் கொடுக்க முன்வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரையும் தடுத்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான் அங்கே ராட்சசி.

வீட்டில் வெடித்தது

பஸ் பெரிதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான் வெடித்தது.

“கார்ட்டூன் வேணாம், சரி. எம் மூஞ்சியுமா வேணாம்?” என்றார்.

“கொஞ்ச நாளைக்குத்தாங்க.”

“அவளுக்கு நான் அந்தப் போன்லதானே வசந்தி இருக்கேன்? அதையும் எடுத்துட்டா நான் யாரு? மறந்துருவா. நான் லீவுல வரும்போது யாரோ ஒரு ஆளுன்னு பாப்பா.”

அவர் சொன்னது சரி. மிஸ் சொன்னதும் சரி. பேச்சு வர வேண்டுமென்றால் அப்பாவை எடுக்க வேண்டும். அப்பா வேண்டுமென்றால் பேச்சு வராது. அவர் கோபித்துக்கொண்டு சில நாள் கோலே எடுக்கவில்லை. நான் கொப்பி மெஷினில் ஒரே தாளைத் திருப்பித் திருப்பி அடித்துப் பௌசியா தாத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லயத்துச் சுவர்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். அதைப் பற்றி உருகி எழுதச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். மன்னிக்க வேண்டும்; கூரை ஒழுகும் ஒற்றை அறைக்காக ஏங்கும் ஆள் நான் இல்லை.

எங்கள் அப்பா பிள்ளைகளோடு நேராகப் பேச மாட்டார். நான் எதிரில் நின்றாலும், “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா அதை என்னிடம் சொல்லுவாள். நான் பதிலை அம்மாவிடம் சொல்லுவேன். ஒரே அறைக்குள் மூன்று பேரும் இப்படித்தான் தபால் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் எங்களுக்குப் பேச்சு சீக்கிரமே வந்தது. காரணம், சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். சண்டை, கொஞ்சல், சாமி கும்பிடுவது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் பலகைச் சுவரைத் தாண்டி வரும். முகம் தெரியாமலே யார் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருந்த சின்னப் பிள்ளையோடு நான் மணிக்கணக்காகச் சுவர் வழியே வாயாடியிருக்கிறேன்.

கடையில் ஒரு மத்தியானம் இது ஞாபகம் வந்தபோது கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். முகத்தைத்தானே எடுக்கச் சொன்னார்கள்? குரலை யாரும் எடுக்கச் சொல்லவில்லையே!

பேசத் தெரியாத அப்பா

கையில் கொடுத்தால் கார்ட்டூனுக்குப் போய்விடுவாள் என்பதால் போன் அலுமாரியின் உச்சிக்கு ஏறியது. வீட்டுக்காரர் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கோல் எடுத்தார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று தெரியவந்தது. இவருக்கும் பேசத் தெரியாது.

வீடியோவில் அவர் பேசியதெல்லாம் “காட்டு”தான். புதுச் சட்டையைக் காட்டு, பல்லைக் காட்டு, பொம்மையைக் காட்டு. படம் போனதும் ஆளுக்கு வார்த்தை வற்றிவிட்டது. “சாப்பிட்டீங்களா? நர்சரி போனீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க.” அவ்வளவுதான். முடிந்தது.

“ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன்.”

“என்னத்தச் சொல்ல? வேலைக்குப் போறேன், வர்றேன்.”

“வழியில ஒண்ணையுமே பாக்கலையா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கியிருக்கும் இடத்தில் ஒரு பூனை இருப்பதாகச் சொன்னார். அது அவருடைய சப்பாத்துக்குள்தான் தூங்குமாம். காலையில் அதை எழுப்பி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சப்பாத்தைக் காலில் போட வேண்டுமாம். கவிஷா அதுவரை சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவள், திரும்பி அலுமாரியைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் பூனை வந்தது. மீன் திருடியது, மேற்பார்வையாளரின் தொப்பிக்குள் குட்டி போட்டது, லிப்ட்டில் தனியாக ஏறி மேல் மாடிக்குப் போனது. எத்தனை உண்மையோ, நான் கேட்கவில்லை. மனுஷன் நாளெல்லாம் வேலை செய்துகொண்டே அன்றைக்குச் சொல்ல ஒன்றைத் தேடுகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மகள் ஆசையாகக் கேட்டாள். கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“தலையாட்டினா அப்பாவுக்குத் தெரியாது மகள். வாயால சொல்லுங்க,” என்பேன். அதற்கும் தலையாட்டுவாள். உடனே நான் புகுந்து, “ஆமாவாம், பூனை நல்லா இருக்காம்” என்று மொழிபெயர்ப்பேன்.

அடுத்த தரம் கிளினிக்குக்குப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். மிஸ் கேட்டுச் சிரித்தார்.

“நல்ல வேலைதான். ஆனா இடையில நீங்கள் ஏன் நிக்கிறியள்? நீங்கள் சொல்லிக் குடுத்தா அவ ஏன் கஷ்டப்பட வேணும்? பேசாமப் பொறுங்கோ அக்கா. அந்தச் சத்தமில்லாத நேரம் பிள்ளைக்கு வேணும்.”

என் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மா பார்த்த தபால் வேலையை நான் அப்படியே எடுத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது யோசிக்க யோசிக்க எனக்கே சிரிப்பு வந்தது.

வச்சிடவா?

ஆக, அந்த வெள்ளிக்கிழமை. துப்பட்டா என் வாய்க்குள். “அப்பா வச்சிடவா?” என்ற கேள்வி அலுமாரிக்கு மேலே.

கவிஷாவின் உதடு துடித்தது. வேண்டாம் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். கையை ஆட்டினாள். காலை உதைத்தாள். அலுமாரிக்குக் கண் கிடையாது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கும்தான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நான் துப்பட்டாவைத் துப்பிவிட்டுக் கத்தியிருப்பேன்.

“சரி மகள், அப்பா வைக்கிறேன்…”

“இருக்கேன், சொல்லுங்க.”

தெளிவாக, சத்தமாக, கொஞ்சம் எரிச்சலோடு. அச்சு அசல் என் குரல். கத்தார் லைன் இழுக்கும்போதெல்லாம் நான் சொல்லுவது அதுதான். மூக்கால் பேசும் வெள்ளைக்காரி எங்கோ போய்விட்டாள்.

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

“வசந்தி, நீயா பேசின?” என்றார் அவர்.

நான் வாயைத் திறக்க முந்திக்கொண்டு அவள் சொன்னாள்: “அம்மா இல்ல. நான்.”

அவர் அழுதார். வெளிப்படையாகவே அழுதார், அறையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று கேட்பதும் கேட்டது. கவிஷா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பூனை?” என்றாள். மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்றைய பூனைக் கதையைச் சொன்னார். நான் குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு சின்ன ஆட்டம் ஆடினேன். ஜெயித்தவள் ஆடத்தானே வேண்டும்?

மறுநாளே பிரசங்கம் தொடங்கிவிடவில்லை. சொல் சொல்லாகத்தான் வந்தது. “தண்ணி” வந்தது. “வலிக்குது” வந்தது, எங்கே என்றும் சேர்ந்தே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் கடையில் ஆட்களைப் பார்த்து, “கொப்பியா, ரீலோட்டா?” என்று கேட்கத் தொடங்கினாள். பௌசியா தாத்தா எல்லாருக்கும் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்துகொண்டு வந்தார். மிஸ், “இனி வீடியோவும் கொஞ்சம் காட்டலாம்” என்றார். வேண்டாம் என்றது நாங்கள் இல்லை, கவிஷாதான். அலுமாரி மேலே இருக்கும் அப்பாவே அவளுக்குப் போதுமாம்.

வாசலில் நின்ற ஆள்

வருஷம் திரும்பியதும் அவர் லீவில் வந்தார். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வந்த வேன் காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது கவிஷா புதுச் சட்டை போட்டு வாசலில் நின்றாள்.

அவர் இறங்கினார். வெயிலில் கறுத்து, முன்னந்தலை ஏறி, கண்ணெல்லாம் சிவந்து. முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“மகள்.”

கவிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சுருங்கியது. திரும்பி ஒரே ஓட்டமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். யாரோ ஒரு ஆள் என்று பார்ப்பாள் என்று அவர் அன்றே சொன்னாரே! குரலைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பறித்தவள் நான்தான். வேன்காரர் பெட்டிகளை இறக்குவதா வேண்டாமா என்று நின்றார்.

அப்போது கதவுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது.

“அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?”

அவர் தலையை நிமிர்த்தினார். எழுந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

“இன்னும் இல்ல மகள். வந்துதான் சாப்பிடணும்னு இருந்தேன்.”

“அம்மா இடியப்பம் வாங்கிருக்காங்க. அவிக்கல, வாங்கினது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. நர்சரியில் யார் யாரைக் கடித்தது, பௌசியா தாத்தா யாரை ஏசியது, மழையில் நான் வழுக்கி விழுந்தது, எல்லாம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு “ம்”, “பிறகு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேன்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். இடியப்பம் ஆறியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை எனக்குத் துப்பட்டா தேவைப்படவில்லை.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. முதலில் ஒரு கண், பிறகு பின்னல், பிறகு ஆள். அவள் அவருடைய தோளைத் தொட்டாள். காதைத் தொட்டாள். பக்கத்தில் நின்று தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் என்னைப் பார்த்து, ஒரு பெரிய செய்தியைச் சொல்லும் தோரணையில், “எங்க அப்பா இவ்வளவு பெரிசு.”

சொல்லிவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.